கல்யாண ஆல்பமும் மூன்று வரி அன்ஜிப் கோடும்

முதலில் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். கோவையில் கல்யாண ஆல்பம் அச்சடிக்கும் ஒரு நிறுவனம். சுற்றுவட்டாரத்து ஸ்டூடியோக்காரர்கள் தேர்ந்தெடுத்த படங்களை ஜிப் போட்டு அப்லோட் செய்வார்கள். சாஃப்ட்வேர் அந்த ஜிப்பைப் பிரித்து, படங்களுக்குப் பிரிவியூ போட்டு, ஆர்டர் எண் கொடுத்து, லேஅவுட் செய்பவர்களுக்கு அனுப்பிவைக்கும். பைத்தானில் எழுதப்பட்டது. எழுதியவர் வெளிநாட்டு வேலை கிடைத்துப் போய்விட, மாதத்துக்கு இவ்வளவு என்று பேசி, பராமரிப்பு என் தலைக்கு வந்தது. நான் தனி ஆள். கேட்க டீம் கிடையாது, ராத்திரி போன் எடுக்க இன்னொருவர் கிடையாது. அந்த சாஃப்ட்வேரில் ஜிப்பைப் பிரிக்கும் பகுதி மூன்றே வரி. திற, ஒவ்வொரு ஃபைலாக எடு, ஃபோல்டரில் எழுது. எனக்கு வந்த தொல்லைகளில் முக்கால்வாசி அந்த மூன்று வரியிலிருந்துதான் வந்தது. தேடினால் கிடைக்கும் பாடங்களும் இதே மூன்று வரியைத்தான் காட்டுகின்றன என்பதால் இதை எழுதுகிறேன்.

ஆவணி முகூர்த்தம் நெருங்கும் நேரம். அச்சகத்துக்காரர் போன் செய்தார். "தம்பி, காலைல இருந்து ஒரு ஆர்டரும் உள்ள வர மாட்டேங்குதுங்க. ஸ்டூடியோக்காரங்க எல்லாரும் போன் பண்ணிட்டே இருக்கறாங்க." சர்வருக்குள் போய்ப் பார்த்தால் டிஸ்க் நூறு சதவீதம் நிறைந்திருந்தது. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் எழுத இடமில்லாமல் நின்றுவிட்டது. பழைய லாக்குகளை அழித்தேன், டேட்டாபேஸைக் கிளப்பினேன், அப்பாடா என்று காபி போடப் போனேன். திரும்பி வந்தால் மறுபடி நூறு. மறுபடி அழித்தேன், மறுபடி நிறைந்தது. எவனோ உள்ளே புகுந்துவிட்டான் என்றே நினைத்தேன். கை நடுங்கியது, சொல்வதற்கு வெட்கமில்லை. சீசன் நேரத்தில் ஒரு நாள் நின்றால் அவருக்கு எவ்வளவு போகும் என்று எனக்குத் தெரியும்.

எவனும் புகவில்லை. ஒரு ஸ்டூடியோ தன் ஆல்பம் டெம்ப்ளேட்டுகளை ஜிப் போட்டு அனுப்பியிருந்தது. எல்லாம் டிஃப் என்ற அச்சுத் தரப் பட ஃபைல்கள். 12க்கு 36 அங்குல ஷீட், 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி), அச்சுக்கான சிஎம்ஒய்கே நான்கு நிறம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 3,600 பெருக்கல் 10,800 பிக்சல், பிக்சலுக்கு 4 பைட். ஒரு ஷீட் மட்டும் சுமார் 155 எம்பி. ஆனால் ஷீட் முழுக்க வெள்ளை, ஓரத்தில் மட்டும் கொஞ்சம் பூவேலை. வெள்ளையை ஜிப் அமுக்கினால் அது ஒன்றுமே இல்லாத அளவுக்குச் சுருங்கிவிடும். வழக்கமாக ஜிப் பயன்படுத்தும் டிஃப்ளேட் முறை உச்சபட்சமாக 1032 மடங்கு வரை அமுக்கக்கூடியது. அப்படித்தான் சில பத்து எம்பி ஜிப் ஒன்று பத்து ஜிபியாக விரிந்து, ஏற்கெனவே முக்கால்வாசி நிறைந்திருந்த எங்கள் சின்ன சர்வரை முழுங்கியது. பாதியில் இடம் தீர்ந்ததும் வேலை தோற்றது. தோற்ற வேலையை க்யூ (வேலைகளை வரிசையில் வைத்து ஓட்டும் பகுதி) தானாகவே திரும்ப எடுத்தது. பாதி விரிந்த பழைய ஃபைல்களை யாரும் அழிக்கவில்லை. நான் இடம் விட விட அது நிரப்பிக்கொண்டிருந்ததன் காரணம் இதுதான்.

இதைத்தான் ஜிப் பாம் என்பார்கள். புகழ்பெற்ற 42.ஜிப் வெறும் 42 கேபி. உள்ளுக்குள் அடுக்கடுக்காக ஜிப்களை வைத்து, எல்லாவற்றையும் விரித்தால் 4.5 பெட்டாபைட் ஆகும். அது ஜிப்புக்குள் ஜிப்பைத் திறந்துகொண்டே போகிறவர்களைத்தான் பாதிக்கும், நாம் ஒரு அடுக்கோடு நிறுத்திக்கொண்டால் போதும் என்று பலர் நிம்மதியாக இருந்தார்கள். 2019-இல் டேவிட் ஃபைஃபீல்ட் என்ற ஆய்வாளர் அந்த நிம்மதியைக் கெடுத்தார். ஒரே அடுக்கில், உள்ளே இருக்கும் ஃபைல்கள் ஒன்றின் மேல் ஒன்று படியும்படி அமைத்து, 10 எம்பி ஜிப்பை 281 டெராபைட்டாக விரிய வைத்துக் காட்டினார். ஆனால் என் அனுபவத்தில் உங்கள் சர்வரைச் சாய்க்க அந்த அளவு மூளையெல்லாம் தேவையில்லை. வெள்ளைத் தாளை அனுப்பும் ஒரு நல்ல மனிதர் போதும்.

இதற்கு வழி தேடினால் எல்லோரும் சொல்வது, அமுக்கிய அளவுக்கும் விரிந்த அளவுக்கும் உள்ள விகிதத்தைப் பார், நூறு மடங்கைத் தாண்டினால் தள்ளு என்பது. எங்களுக்கு அது சரிப்படவில்லை, ஏனென்றால் அந்த டெம்ப்ளேட் நியாயமான ஆர்டர். தள்ளினால் வாடிக்கையாளர் போய்விடுவார். விகிதத்தைவிட நேரடியான வரம்பே மேல். ஒரு ஆர்டருக்கு மொத்தம் இத்தனை ஜிபி, ஒரு ஃபைல் இத்தனை எம்பி, ஃபைல்களின் எண்ணிக்கை இத்தனை. எண்ணிக்கையை விட்டுவிடாதீர்கள். பழைய ஜிப் வடிவத்தில் 65,535 ஃபைல்தான் அதிகபட்சம் என்றாலும் ஜிப்64 வந்தபின் அந்த எல்லை கிடையாது. பூஜ்ய பைட் ஃபைல்களாகக் கோடிக்கணக்கில் வந்தால் டிஸ்கில் இடம் இருந்தும் ஐநோட் (ஒவ்வொரு ஃபைலுக்கும் டிஸ்க் ஒதுக்கும் பதிவு) தீர்ந்து நிற்கும். வரம்பைச் சரிபார்க்கும்போது ஜிப்புக்குள் எழுதியிருக்கும் அளவை மட்டும் நம்ப வேண்டாம். அது அனுப்பியவர் எழுதிய எண். சில ஜிப்களில் ஃபைலின் தலைப்பகுதியில் அளவு பூஜ்யம் என்றே இருக்கும், உண்மையான எண் தரவுக்குப் பின்னால்தான் வரும். அதனால் முதலில் எழுதியிருக்கும் அளவைக் கூட்டிப் பார்த்து ஒரு முறை தள்ளுங்கள். பிறகு விரிக்கும்போதே துண்டு துண்டாகப் படித்து, எழுதிய பைட்டை நீங்களே எண்ணுங்கள். தாண்டியதும் நிறுத்தி, அதுவரை எழுதியதை அழித்துவிடுங்கள். விரிக்கும் இடம் டேட்டாபேஸ் இருக்கும் டிஸ்காக இருக்கவே கூடாது. அன்று தனி டிஸ்க் இருந்திருந்தால் ஒரு ஆர்டர் மட்டும்தான் நின்றிருக்கும். இன்னொன்று, அளவு தாண்டித் தோற்ற வேலையை க்யூ திரும்ப எடுக்கக் கூடாது. நெட்வொர்க் கோளாறு என்றால் சரி, திரும்ப முயலலாம். இது எத்தனை முறை முயன்றாலும் அதே பத்து ஜிபிதான்.

அந்த மாதச் சம்பளத்தில் அச்சகத்துக்காரர் கை வைக்கவில்லை. அடுத்து வந்ததில்தான் வைத்தார்.

சில வாரம் கழித்து அச்சாகி, லேமினேஷன் முடிந்து, பெட்டியில் போட்டு அனுப்பிய ஒரு ஆல்பம் திரும்பி வந்தது. தாலி கட்டும் படம் இருக்க வேண்டிய இடத்தில் பந்தியில் உட்கார்ந்து ஜாங்கிரி சாப்பிடும் ஒரு பெரியவர். ஸ்டூடியோக்காரர் கத்தினார், பெண்ணின் அப்பா அதைவிடக் கத்தினார். லேஅவுட் செய்த பெண்ணைத்தான் முதலில் திட்டினார்கள். அந்தப் பெண் பாவம், "எனக்கு வந்த ஃபோல்டர்ல இந்தப் படந்தாண்ணா இருந்துச்சு" என்று அழுதுகொண்டே சொன்னது. அது சொன்னது நிஜம். அவர்கள் அனுப்பிய ஜிப்பில் முகூர்த்தம், ரிசப்ஷன் என்று இரண்டு ஃபோல்டர், இரண்டு கேமரா. இரண்டு கேமராவும் படத்துக்கு ஒரே மாதிரிதான் பெயர் வைக்கும்: டிஎஸ்சி, ஒரு அடிக்கோடு, நான்கு இலக்க எண். இரண்டு ஃபோல்டரிலும் 0412 இருந்தது. பழைய கோட் ஃபோல்டர் பெயரை வெட்டிவிட்டு, கடைசிப் பெயரை மட்டும் எடுத்து, எல்லாப் படத்தையும் ஒரே இடத்தில் கொட்டியது. பின்னால் வந்த ரிசப்ஷன் படம் முன்னால் வந்த முகூர்த்தப் படத்தின் மேல் சத்தமில்லாமல் ஏறி உட்கார்ந்துகொண்டது. எர்ரர் இல்லை, லாக்கில் ஒரு வரி இல்லை. ஜிப்பில் முந்நூற்றுச் சொச்சம் படம். ஃபோல்டரில் அதைவிடப் பதினைந்து குறைவு. எண்ணிப் பார்க்க யாரும் சொல்லித்தரவில்லை அந்தக் கோடுக்கு.

மறு அச்சு, மறு பைண்டிங், கூரியர் எல்லாம் சேர்த்து பதினெட்டாயிரத்துக்கு மேல் ஆனது. பேசிப் பேசி கடைசியில் என் இரண்டு மாதப் பராமரிப்புத் தொகை அதில் போனது. இன்னமும் வயிற்றெரிச்சல் தீரவில்லை. நான் எழுதாத வரிக்கு நான் கட்டிய பணம் அது. ஒப்பந்தம் என்று ஒரு காகிதம் இருந்திருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது. அது வேறு கதை.

அந்தக் கோடை முதலில் எழுதியவர் ஏன் அப்படி எழுதினார் என்று தோண்டியபோதுதான் விஷயம் சுவாரசியமானது. அவர் பாதுகாப்புக்காகத்தான் எழுதியிருக்கிறார். 2018 ஜூனில் ஸ்னிக் என்ற பாதுகாப்பு நிறுவனத்தார் ஜிப் ஸ்லிப் என்று பெயரிட்டு ஒரு ஓட்டையை வெளியிட்டார்கள். ஜிப்புக்குள் இருக்கும் ஃபைலின் பெயர் வெறும் எழுத்துதான், அதில் எதை வேண்டுமானாலும் எழுதலாம். ../../ என்று ஆரம்பித்தால் விரிக்கும் கோட் மேல் ஃபோல்டருக்கு ஏறிப் போய் அங்கே எழுதும். இணையதளத்தின் கோடையே மாற்றி எழுதலாம். ஜாவா உலகில் ஜிப்பை மொத்தமாக விரித்துக்கொடுக்க நிலையான ஒரு வசதி இல்லாததால் ஆளாளுக்கு எழுதிக்கொண்ட துண்டுக் கோடுகளில் இது பரவிக்கிடந்தது. பைத்தானின் ஜிப்ஃபைல் லைப்ரரியில் உள்ள எக்ஸ்ட்ராக்ட் இந்தப் புள்ளிகளைத் தானே நீக்கிவிடும். ஆனால் நம் ஆள் எக்ஸ்ட்ராக்டை விட்டுவிட்டுத் தானே திறந்து எழுதியிருந்தார். அப்படி எழுதினால் அந்தக் காப்பு கிடைக்காது, அதனால் பேஸ்நேம் (பாதையின் கடைசிப் பெயரை மட்டும் எடுக்கும் வசதி) போட்டுப் பாதையை வெட்டினார். ஒரு ஓட்டையை அடைத்ததில் இன்னொன்று திறந்தது.

பாதையைச் சரிபார்ப்பவர்களும் ஒரு இடத்தில் சறுக்குவார்கள். சேர்த்த பாதை நம் ஃபோல்டர் பெயரில் தொடங்குகிறதா என்று பார்ப்பார்கள். ஆர்டர் 12-க்கான ஃபோல்டரின் பெயரில் ஆர்டர் 123-ம் தொடங்கும் அல்லவா? பெயருக்குப் பின்னால் சாய்கோடு சேர்த்து ஒப்பிடாவிட்டால் ஒருவர் ஆர்டருக்குள் இன்னொருவர் எழுதலாம். இன்னொன்று, பெயர் சாய்கோட்டில் தொடங்கினால் பைத்தானில் பாதைகளைச் சேர்க்கும் பாத் ஜாயின் நம் ஃபோல்டரை அப்படியே தூக்கி எறிந்துவிட்டு அந்தப் பாதையை மட்டும் எடுத்துக்கொள்ளும். பழைய விண்டோஸ் டூல்கள் சில பின்சாய்கோட்டைப் பிரிப்பானாகப் போடும், மைக்ரோசாஃப்டின் டாட்நெட்டில் 4.6.1-க்கு முன் அப்படித்தான். லினக்ஸ் சர்வருக்கு அது பிரிப்பானே இல்லை, முழுப் பாதையும் ஒரே ஃபைல் பெயராக வந்து நிற்கும். இந்தச் சண்டையெல்லாம் போட்டபின் நான் வந்து சேர்ந்த முடிவு: அனுப்பியவர் வைத்த பெயரில் டிஸ்கில் எதையும் எழுதாதே. ஒவ்வொரு ஃபைலுக்கும் நாமே ஒரு எண் கொடுத்து அந்த எண்ணில் சேமிக்க வேண்டும். அவர் வைத்த பெயர், ஃபோல்டரோடு சேர்த்து, டேட்டாபேஸில் வெறும் எழுத்தாக மட்டும் இருக்கட்டும். புள்ளி வந்தாலும் சாய்கோடு வந்தாலும் இரண்டு 0412 வந்தாலும் கவலையில்லை. விரித்து முடித்ததும் ஜிப்பின் பட்டியலில் உள்ள எண்ணிக்கையும் நாம் எழுதிய எண்ணிக்கையும் ஒன்றா என்று பார்த்து, ஒன்றென்றால் மட்டும் ஆர்டரைத் திறக்க வேண்டும்.

பெயரை டேட்டாபேஸில் வைத்தாலும் அதைச் சரியாகப் படித்தாக வேண்டுமே. இங்கேதான் தமிழுக்கென்றே தனி ரோதனை. மேக் வைத்திருக்கும் ஒரு ஸ்டூடியோவின் ஃபைல்கள் எல்லாம் பட்டியலில் கிரேக்க ஆல்ஃபாவும் « குறியுமாக வந்தன. மாப்பிள்ளை வீடு, பெண் வீடு என்று அவர்கள் அழகாகத் தமிழில்தான் பெயர் வைத்திருந்தார்கள். ஜிப்பில் ஒவ்வொரு ஃபைலுக்கும் பெயர் யுடிஎஃப்-8 (எல்லா மொழி எழுத்தையும் பைட்டாக எழுதும் முறை) என்று சொல்ல 11-ஆம் பிட் என்று ஒரு கொடி உண்டு. மேக்கின் உள்ளமைந்த ஜிப் கருவி பெயரை யுடிஎஃப்-8-இல்தான் எழுதும், கொடியைத்தான் ஏற்றாது. கொடி இல்லையென்றால் பைத்தான் அதை ஐபிஎம் பிசி காலத்து சிபி437 எழுத்து அட்டவணை என்று எடுத்துக்கொள்ளும். தமிழ் எழுத்துகள் யுடிஎஃப்-8-இல் எல்லாமே ஈ0 ஏஈ (E0 AE) அல்லது ஈ0 ஏஎஃப் (E0 AF) என்ற பைட்டுகளில் தொடங்கும். அந்தப் பழைய அட்டவணையில் ஈ0 ஆல்ஃபா, மற்ற இரண்டும் « ». அதனால் ஆல்ஃபாவும் கோணக் குறியும் வரிசையாக வந்தால் பயப்பட வேண்டாம், உள்ளே தமிழ் பத்திரமாக இருக்கிறது. பெயரை சிபி437-ஆகத் திரும்ப பைட்டாக்கி, யுடிஎஃப்-8-ஆகப் படித்தால் வந்துவிடும். படிக்க முடியாமல் எர்ரர் வந்தால் மட்டும் இருந்தபடியே விடலாம். பைத்தான் 3.11-இலிருந்து ஜிப்பைத் திறக்கும்போதே எந்தக் குறியீடு என்று சொல்லவும் வசதி உண்டு.

அடுத்து, பட்டியலில் இருக்கும் கோகிலா என்ற பெயரைத் தேடினால் ஃபைல் கிடைக்காது. தேடத் தட்டிய பெயரும் ஃபைலின் பெயரும் கண்ணுக்கு ஒன்றுதான். ஒன்றில் ஓகாரக் குறி ஒரே எழுத்தாக இருக்கும். இன்னொன்றில் முன்னால் ஒரு ஏகாரக் கொம்பு, பின்னால் ஒரு கால் என்று இரண்டாகப் பிரிந்திருக்கும். ஒகரம், ஓகாரம், ஔகாரம் மூன்றுக்கும் யூனிகோடில் இப்படி இரண்டு எழுதுமுறை செல்லும். மேக் பக்கமிருந்து வரும் பெயர்களில் பிரிந்த வடிவம் அடிக்கடி வரும். எல்லாப் பெயரையும் என்எஃப்சி (பிரிந்தவற்றை ஒரே எழுத்தாகச் சேர்க்கும்) வடிவத்துக்கு மாற்றிவிட்டுச் சேமித்தால் தீர்ந்தது. ஒப்பிடும் இடத்திலும் தேடும் பெட்டியிலும் அதையே செய்ய வேண்டும், இல்லாவிட்டால் பிரயோஜனமில்லை.

நீளமும் ஒரு விஷயம். லினக்ஸில் ஒரு ஃபைல் பெயர் 255 பைட்டுக்குள் இருக்க வேண்டும். தமிழில் ஒவ்வொரு குறியும் 3 பைட். ஆக 85 குறி. மெய்யின் புள்ளியும் ஒரு குறி, கொம்பும் ஒரு குறி. மணமகன், மணமகள், இரு வீட்டுப் பெரியவர்கள், மண்டபம், தேதி என்று பத்திரிகையையே ஃபோல்டர் பெயராக வைக்கும் ஒரு ஸ்டூடியோ உண்டு. விண்டோஸில் அவர்களுக்குச் சாதாரணமாகப் போகிறது, ஏனென்றால் அங்கே எண்ணுவது பைட்டை அல்ல. நம் சர்வரில் பெயர் நீளம் என்று முறிந்துவிழும். எண்ணில் சேமிக்கும் முறைக்கு மாறியபின் இதுவும் தானாக ஒழிந்தது.

சில்லறைத் தொல்லைகளையும் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மேக்கிலிருந்து வரும் ஜிப்பில் __மேக்ஓஎஸ்எக்ஸ் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அதற்குள் புள்ளியும் அடிக்கோடுமாகத் தொடங்கி ஜேபெக் என்று முடியும் குட்டி ஃபைல்கள். படம் அல்ல, கணினியின் குறிப்புகள். பிரிவியூ போடும் பகுதி அதைப் படமென்று நம்பித் திறந்து விழும். அந்த ஃபோல்டரையே தாண்டிவிடுங்கள். எண்ணிக்கையைச் சரிபார்க்கும்போது அவற்றைக் கழிக்க மறக்க வேண்டாம். சில ஸ்டூடியோக்காரர்கள் டீசர் வீடியோவையும் சேர்த்து அனுப்புவார்கள். விண்டோஸ் எக்ஸ்புளோரர் 2 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைலை டிஃப்ளேட்64 என்ற முறையில் அமுக்கும், பைத்தானின் லைப்ரரிக்கு அது தெரியாது. அதற்கு 7-ஜிப் என்ற தனி சாஃப்ட்வேரைத்தான் கூப்பிட வேண்டியிருக்கிறது. கடவுச்சொல் போட்ட ஜிப்பையும் ரார் ஃபைலையும் வாங்குவதே இல்லை என்று முடிவு செய்தோம். ரார் விஷயத்தில் ஸ்டூடியோக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். 2019-இல் வின்ராரில் வெளிவந்த ஓட்டையை நினைவுபடுத்தினேன்: ஏஸ் என்ற பழைய வடிவத்தைத் திறக்க ஒரு டிஎல்எல் (வெளியிலிருந்து சேர்த்த தயார் கோட்) வைத்திருந்தார்கள், அதில் இதே பாதை ஏறும் கோளாறு ஏறத்தாழ 19 வருடம் இருந்திருக்கிறது, மூலக்கோட் கையில் இல்லாததால் ஏஸ் ஆதரவையே எடுத்துவிட்டார்கள். யாரும் மசியவில்லை. கடைசியில் அச்சகத்துக்காரர் ஜிப் மட்டும்தான் என்று கண்டிப்பாகச் சொன்னதும் எல்லோரும் ஜிப்புக்கு வந்தார்கள்.

எர்ரர் செய்தியைப் பற்றி ஒன்று. ஜிப்பின் பட்டியல் ஃபைலின் கடைசியில் இருக்கிறது. அப்லோட் பாதியில் அறுந்தால் 99 சதவீதம் வந்திருந்தாலும் லைப்ரரி 'இது ஜிப்பே இல்லை' என்று சொல்லும். அதையே அப்படியே திரையில் காட்டினால், "என் கம்ப்யூட்டர்ல நல்லாத் திறக்குதுங்க, உங்க சாஃப்ட்வேர்தான் சரியில்ல" என்று போன் வரும். 'ஃபைல் முழுதாக வந்து சேரவில்லை, திரும்ப அனுப்புங்கள்' என்று மாற்றியபின் இந்தப் போன்கள் அநேகமாக நின்றுபோயின. அப்லோட் தொடங்கும்போதே ஃபைலின் அளவை பிரவுசரிடம் வாங்கி வைத்துக்கொண்டால் அறுந்ததா, உண்மையிலேயே கெட்டதா என்று பிரித்துச் சொல்லலாம்.

டார் ஃபைலும் (லினக்ஸ் பக்கத்தில் பல ஃபைலை ஒன்றாகக் கட்டும் வடிவம்) வாங்குகிறவர்களுக்கு இன்னும் கவனம் வேண்டும். அதற்குள் சிம்லிங்க் (வேறு இடத்தைச் சுட்டும் ஃபைல்) வரும். முதலில் வெளியே சுட்டும் ஒரு லிங்க், பிறகு அந்த லிங்க் வழியாக ஒரு ஃபைல் என்று அனுப்பினால் பெயரில் புள்ளியே இல்லாமல் வெளியே எழுதலாம். பைத்தானின் டார்ஃபைலில் இந்தப் பாதைப் பிரச்சினை சிவிஇ-2007-4559 என்ற ஓட்டைப் பதிவு எண்ணில் 2007-லேயே பதிவானது. ஃபில்டர் என்ற காப்பு 3.12-இல் வந்தது (3.8 முதல் 3.11 வரையிலான பதிப்புகளின் பாதுகாப்பு அப்டேட்டுகளிலும் சேர்த்தார்கள்), முன்னிருப்பாகவே அது வேலை செய்வது 3.14-இலிருந்து. பழைய பதிப்பில் இருப்பவர்கள் ஃபில்டரை 'டேட்டா' என்று தாங்களே எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த வசதியே இல்லாத அளவுக்குப் பழையது என்றால் அப்டேட் செய்யும்வரை டாரை வாங்காதீர்கள்.

இப்போது டெஸ்ட் ஃபோல்டரில் சில ஜிப்களை வைத்திருக்கிறேன், கோடில் ஒரு வரி மாறினாலும் எல்லாம் ஓடும். வெள்ளை டிஃப் நிறைந்த ஒன்று, இரண்டு ஃபோல்டரில் ஒரே 0412, ../ உள்ள ஒன்று, சாய்கோட்டில் தொடங்கும் ஒன்று, கொடி ஏற்றாத தமிழ்ப் பெயர், பிரிந்த ஓகாரம், கடைசி சில கேபி வெட்டியது, காலி ஜிப். உருவாக்க அரை நாள் போதும். பராமரிப்பு வேலை புதிதாக எடுப்பவர்கள் விலை பேசும் முன்னால் இவற்றை அந்த சாஃப்ட்வேரில் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். எத்தனை விழுகிறது என்பதைப் பொறுத்து மாதத் தொகையை வைத்துக்கொள்ளலாம்.